எங்கிருந்து வந்த வாத்து?

எங்கள் இரவு வகுப்பு மும்பையில், தாராவியில் நடக்கிறது. படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தார். வகுப்பறைச் சுவரில் ஒரு தமிழ்க் காலண்டர் தொங்குகிறது. அதில் ஜூலை மாதத் தாளில் ஓர் அழகான படம். பச்சைப் புல்வெளி. நடுவில் குளம். கரையில் பெரிய வாத்துகள் மேய்கின்றன. கூடவே சின்னச் சின்னக் குஞ்சுகள். படத்தின் கீழே 'லண்டன் பூங்கா' என்று அச்சிட்டிருந்தது.

ஒரு அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம்.

"தம்பி, இந்த வாத்து எங்க ஊருப் பக்கத்துக் குளத்துக்கு வரும்லா! மார்கழி, தையில கூட்டங்கூட்டமா வந்து எறங்கும். கழுத்துல கறுப்பு, தலையில வெள்ளை. இதேதான்" என்றார்.

எனக்கு வாத்துகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் "ஆமாம் அக்கா, அதேதான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிக் கொடுக்கிறவன் 'தெரியாது' என்று சொல்லக் கூடாது என்று ஒரு வீண் எண்ணம்.

மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, பறவைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கனடா வாத்து. உங்கள் அக்கா பார்த்தது வரித்தலை வாத்து. இரண்டும் வேறு வேறு" என்றார். அடுத்த வகுப்பில் நான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அன்று பேசியதுதான் இந்தப் பாடம்.

வாத்தில் இரண்டு வகை

நம் ஊர்களில் மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டு போவார்களே, அது சிறிய வாத்து. குட்டைக் கழுத்து. தட்டையான அலகு. சேற்றில் அலகை விட்டுத் துழாவித் தின்னும்.

இன்னொரு வகை உண்டு. உடல் பெரிது. கழுத்து நீளம். இது ஆடு மாடு போலப் புல் மேயும். ஆங்கிலத்தில் இதைக் 'கூஸ்' என்கிறார்கள். சில வீடுகளில் காவலுக்கு வளர்ப்பார்கள். புது ஆள் வந்தால் கத்திக்கொண்டு விரட்டும். இந்தப் பாடத்தில் வாத்து என்று எழுதுவதெல்லாம் இந்தப் பெரிய வாத்தைத்தான்.

படத்தில் இருந்த வாத்து

கனடா வாத்தின் அடையாளம் எளிது. தலையும் கழுத்தும் கன்னங்கரேல் என்று இருக்கும். தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை. ஒரு கன்னத்திலிருந்து தாடையைச் சுற்றி மறு கன்னம் வரை போகும். பல்வலிக்காரர் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருப்பாரே, அதுபோல. உடல் பழுப்பு நிறம். அலகும் கறுப்பு. காலும் கறுப்பு.

பெயரே சொல்கிறது. இதன் சொந்த ஊர் கனடா, அமெரிக்கா. பிறகு லண்டனுக்கு எப்படி வந்தது? கடல் கடந்து தானாகப் பறந்து வந்ததா? இல்லை. மனிதர்கள் கொண்டுவந்தார்கள். 1665 வாக்கில் இங்கிலாந்தை ஆண்டவர் இரண்டாம் சார்லஸ் மன்னர். லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் அவர் பலவகைப் பறவைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் கனடா வாத்தும் இருந்தது. அதைப் பார்த்துப் பெரிய பெரிய பண்ணையார்களும் தங்கள் குளங்களில் வாங்கி விட்டார்கள். அழகுக்காக வந்த பறவைதான்.

பல காலம் அது குளத்தோடு கிடந்தது. பிறகு வெளியே பரவியது. இன்று பிரிட்டனில் கனடா வாத்து ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. அங்கேயே கூடு கட்டுகிறது. அங்கேயே குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்திலும் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போவதில்லை.

இப்படி மனிதன் கொண்டுவந்து விட்டு, பிறகு மனிதன் உதவி இல்லாமலே காட்டிலும் குளத்திலும் பெருகி நிற்கும் உயிர்களை 'அயல் இனம்' என்கிறார்கள். நமக்கும் இது புதிதல்ல. ஜிலேபிக் கெண்டை தெரியும் அல்லவா? அது ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டும்.

தொல்லை என்ன?

"வாத்துதானே, இருந்துட்டுப் போகுது" என்றார் வகுப்பில் ஒரு பெரியம்மா.

கொஞ்சம் இருந்தால் தொல்லை இல்லை. கூட்டம் பெருத்தால்தான் தொல்லை. கனடா வாத்து பச்சைப் பயிரை மேயும். கால் பட்ட இடம் மிதிபட்டுச் சேறாகும். நாள் முழுக்க மேய்வதால் நாள் முழுக்க எச்சமிடும். பூங்காவில் குழந்தைகள் விளையாட முடியாது. குளத்து நீரும் கெடும். கரையோரப் புல்லையும் நாணலையும் தின்று தீர்த்துவிட்டால் அங்கே கூடு கட்டும் மற்றப் பறவைகளுக்கு இடம் இல்லை.

விமான நிலையத்துக்கு அருகே இருந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 2009 ஜனவரி 15 அன்று ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. கனடா வாத்துக் கூட்டத்தில் மோதியது. இரண்டு இன்ஜினும் நின்றுபோயின. விமானி ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினார். அதில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அந்த வாத்துகளுக்கு அமெரிக்கா சொந்த நாடுதான். ஆனால் வாத்து எவ்வளவு கனமான பறவை, கூட்டம் எவ்வளவு ஆபத்து என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். 1950-களிலும் 60-களிலும் விவசாயிகள் கனடா வாத்தைப் பற்றிப் புகார் செய்தார்கள். அதிகாரிகள் ஒரு வழி கண்டார்கள். இந்த வாத்துக்குக் கோடையில் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை பறக்க முடியாது. அந்த நேரம் பார்த்து அவற்றை மடக்கிப் பிடித்தார்கள். வண்டியில் ஏற்றி, வாத்து இல்லாத வேறு குளங்களில் கொண்டுபோய் விட்டார்கள்.

என்ன ஆயிற்று? பழைய குளத்தில் இடம் காலியானது. மிச்சம் இருந்தவை பெருகின. புதுக் குளத்திலும் பெருகின. ஒரு ஊர்த் தொல்லை பல ஊர்த் தொல்லை ஆனது. எங்கள் சந்தில் அடைத்துக்கொண்ட குப்பையை அடுத்த சந்தில் தள்ளுகிற கதைதான் என்று ஒரு அண்ணன் சொன்னார். வகுப்பே சிரித்தது.

இப்போது அங்கே வேறு வழியும் செய்கிறார்கள். முட்டைமேல் ஒருவகை எண்ணெயைத் தடவிக் கூட்டிலேயே வைத்துவிடுவார்கள். முட்டை பொரிக்காது. முட்டையை எடுத்துக்கொண்டு போனால் வாத்து மறுபடி முட்டையிடும். எண்ணெய் தடவினால் ஏமாந்து அடைகாத்துக்கொண்டே இருக்கும். சுட்டுக் கொல்வதும் உண்டு. எனக்கு முட்டை வழி மேல் என்று தோன்றுகிறது. பெரியம்மாவுக்கு இதுவும் பிடிக்கவில்லை. "அடகாக்குற தாயை ஏமாத்துறது பாவம்லா" என்றார். வகுப்பில் இது தீரவில்லை.

அடையாளம் தப்பினால்

சுடுவதானாலும் முட்டையைத் தொடுவதானாலும் முதலில் ஆளைச் சரியாகத் தெரிய வேண்டும். ஏனென்றால் அங்கே இன்னொரு வாத்து இருக்கிறது. அதன் பெயர் பார்னக்கிள் வாத்து. அதற்கும் கறுப்புக் கழுத்து. அதற்கும் முகத்தில் வெள்ளை. தூரத்தில் பார்த்தால் கனடா வாத்து என்றே தோன்றும்.

கிட்டே பார்த்தால் வேறுபாடு தெரியும். பார்னக்கிள் வாத்து சிறியது. வெள்ளை தாடையில் மட்டும் இல்லை, முகம் முழுக்க வெள்ளை. கறுப்பு கழுத்தோடு நிற்காது, மார்பு வரை இறங்கும். கனடா வாத்துக்கு மார்பு வெளிறி இருக்கும். பார்னக்கிள் முதுகு பழுப்பு அல்ல, சாம்பல் நிறம். அதில் குறுக்கே கறுப்பு வெள்ளைக் கோடுகள்.

இந்த வாத்துகள் வடக்கே பனி நாடுகளில் குஞ்சு பொரிக்கின்றன. குளிர்காலத்தில் ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. அவை தாமாக வரும் விருந்தாளிகள். அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கனடா வாத்து என்று நினைத்து இதைச் சுட்டால் குற்றம்.

இன்னும் ஒரு சிக்கல். தெற்கு இங்கிலாந்தில் கோடையிலும் சில பார்னக்கிள் வாத்துகள் குஞ்சுகளோடு திரிகின்றன. அவை வளர்ப்பு இடங்களிலிருந்து தப்பியவற்றின் வழியில் வந்தவை. அதே இனம். அதே உருவம். வடக்கே குளிர்காலத்தில் வந்தால் விருந்தாளி. தெற்கே கோடையில் குடியிருந்தால் தப்பி வந்தது. இங்கே நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்த மாதம், எந்த இடம் என்றும் பார்க்க வேண்டும்.

எகிப்து வாத்து

ஐரோப்பாவில் குடியேறிய இன்னொன்று எகிப்து வாத்து. கண்ணைச் சுற்றி ஒரு பழுப்புத் திட்டு. இரவெல்லாம் தூங்காமல் கண்ணைக் கசக்கியது போல இருக்கும். மார்பிலும் ஒரு பழுப்புத் திட்டு. கால் இளஞ்சிவப்பு. சிறகை விரித்தால் பெரிய வெள்ளைப் பகுதி தெரியும். இவற்றைப் பார்த்தால் தவறவே தவறாது.

இதன் ஊர் ஆப்பிரிக்கா. பழங்கால எகிப்தியர்கள் இதைப் புனிதமாக எண்ணிச் சித்திரம் எழுதி வைத்தார்கள். இதுவும் அழகுக்காகத்தான் இங்கிலாந்துக்குப் போனது. நெதர்லாந்தில் 1967-இல் முதன்முதலாக வெளியே குஞ்சு பொரித்தது. பிறகு பக்கத்து நாடுகளுக்கும் பரவியது. இது முரட்டுப் பறவை. மரப்பொந்திலும் கூடு வைக்கும். மற்றப் பறவைகளின் கூட்டையும் பிடுங்கிக்கொள்ளும். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2017-இல் இதைக் கேடு செய்யும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

பெயர்தான் பெரிய வாத்து. உறவு வேறு. குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வரும் சக்கரவாகம் இதற்கு நெருங்கிய சொந்தம்.

அக்காவின் வாத்து

இனி நாங்குநேரி அக்கா பார்த்த வாத்துக்கு வருவோம். அதுதான் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலை. பின்தலையில் இரண்டு கறுப்பு வரிகள். ஒரு வரி கண்ணிலிருந்து பின்னால் சுற்றி மறு கண்வரை போகும். அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி. பின்கழுத்து கறுப்பு. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கும். உடல் வெளிர் சாம்பல். அலகும் காலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. அலகு நுனி மட்டும் கறுப்பு.

இப்போது ஒப்பிடுங்கள். கனடா வாத்துக்குக் கறுப்புத் தலையில் வெள்ளைப் பட்டை. வரித்தலை வாத்துக்கு வெள்ளைத் தலையில் கறுப்பு வரி. நேர் எதிர். அலகையும் காலையும் பார்த்தால் சந்தேகமே வராது. ஒன்றுக்குக் கறுப்பு, மற்றொன்றுக்கு ஆரஞ்சு.

இந்த வாத்து லடாக், திபெத், மங்கோலியா போன்ற உயரமான இடங்களில் ஏரிக்கரையில் குஞ்சு பொரிக்கிறது. குளிர் தொடங்கியதும் இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிறது. உடலில் கருவி பொருத்திப் பார்த்தபோது 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருக்கிறது. அந்த உயரத்தில் மனிதனுக்கு மூச்சு முட்டும். இமாச்சலப் பிரதேசத்தில் போங் அணை நீர்த்தேக்கத்தில் பல்லாயிரக் கணக்கில் இறங்கும். கர்நாடகத்து ஏரிகளுக்கு வரும். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் வரைக்கும் வரும். அங்கே ஊர்க்காரர்களே பறவைகளுக்குக் காவல். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை.

வெயில் ஏறினால் வடக்கே திரும்பிவிடும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வட மாநிலங்களில் கோதுமைப் பயிரில் இறங்கி மேய்வதும் உண்டு. அந்த விவசாயிக்கு நஷ்டம்தான். அதை மறைத்துப் பேசக் கூடாது.

இந்த இடத்தில் பறவைக்காரர் சொன்ன செய்தி வகுப்பை அதிர வைத்தது. இதே வரித்தலை வாத்து இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் திரிகிறதாம். இமயமலையைத் தாண்டியதுபோல ஐரோப்பாவுக்கும் பறந்து போகவில்லை. அழகுக்காகப் பிடித்துப் போய் வளர்த்தார்கள். தப்பிவிட்டது. சில இடங்களில் கூடும் கட்டிவிட்டது. கனடா வாத்துப்போல லட்சக்கணக்கில் பெருகவில்லை. ஆனாலும் அங்கே அது அயல் இனம்தான்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. "எங்க ஊருல விருந்தாளி. அங்க போனா திருட்டுத்தனமா வந்தவனா? அதுவா டிக்கெட் எடுத்துப் போச்சு? கொண்டு போனவன் யாரு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வாத்துமேல் குற்றம் இல்லை. கொண்டு போனவர்களும் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் அங்கே பயிர் போட்டவன் இன்றைக்கு இருக்கிறான். நாணலில் கூடு கட்டும் பறவை இன்றைக்கு இருக்கிறது. அதனால் கணக்குப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

குடியிருப்பதா, வந்து போவதா?

ஒரு வாத்தைப் பார்த்ததும் எப்படித் தெரிந்துகொள்வது? குஞ்சு பொரிக்கும் காலத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோடையில் குஞ்சுகளோடு இருந்தால் அது அங்கேயே குடியிருக்கிறது. நம் காலண்டர் படம் ஜூலை மாதம். கூடவே குஞ்சு. அந்தப் படத்திலேயே விடை இருந்தது. நானும் அக்காவும் கவனிக்கவில்லை. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து அங்கே குஞ்சு பொரிப்பதே இல்லை.

அடுத்து, ஆளைக் கண்டால் என்ன செய்கிறது? காட்டு விருந்தாளி தூரத்திலேயே எழும்பிப் பறந்துவிடும். தப்பி வந்த வாத்து கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்னும். கூட்டமும் ஒரு அடையாளம். வேறு இனக் கூட்டத்தில் ஒற்றையாக நின்றால் சந்தேகப்படலாம்.

காலில் வளையம் இருந்தால் வளர்ப்பு வாத்து என்று சிலர் உடனே முடிவு கட்டுவார்கள். அது சரியல்ல. ஆராய்ச்சி செய்கிறவர்களும் காட்டுப் பறவைக்கு வளையம் போடுவார்கள். மங்கோலியாவில் கழுத்தில் எண் பட்டை போட்ட வரித்தலை வாத்துகளைக் கர்நாடகத்து ஏரிகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அது எங்கிருந்து வருகிறது என்றே தெரிந்தது. பட்டை போட்ட பறவையைப் பார்த்தால் எண்ணை எழுதி வைத்து வனத்துறைக்குச் சொல்லலாம். எண்ணை எழுதத் தெரியும் அல்லவா, இப்போது?

சில சமயம் அடையாளம் குழம்பும். இரண்டு இனம் கூடிக் கலப்புக் குஞ்சு பிறக்கும். சாம்பல் வாத்து என்று ஒன்று உண்டு. உடல் முழுக்கச் சாம்பல் கலந்த பழுப்பு. முகத்தில் பட்டை, வரி எதுவும் இல்லை. கால் இளஞ்சிவப்பு. இங்கிலாந்தில் கனடா வாத்தும் சாம்பல் வாத்தும் கூடிய குஞ்சுகள் உண்டு. பட்டை பாதி இருக்கும், நிறம் பாதி இருக்கும். தெரிந்தவர்களே தலையைச் சொறிவார்கள்.

அந்தச் சாம்பல் வாத்தின் கதையே விசித்திரம். அது பிரிட்டனின் சொந்த வாத்து. வேட்டையாடி வேட்டையாடி ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் ஒதுங்கிப் போனது. 20-ஆம் நூற்றாண்டில் அதைப் பிடித்து வந்து மற்ற இடங்களில் மறுபடி விட்டார்கள். இப்போது அங்கெல்லாம் பெருகியிருக்கிறது. இது சொந்த இனமா, கொண்டுவந்து விட்டதா? இரண்டும்தான்.

நீங்களே சொல்லுங்கள்

வகுப்பில் மூன்று கேள்வி போட்டேன். நீங்களும் விடை சொல்லிப் பாருங்கள்.

தை மாதம். கூந்தன்குளம். வெளிர் சாம்பல் வாத்துகள் இருநூறு. ஆரஞ்சுக் கால். ஆள் வந்ததும் எழும்பிவிட்டன. எந்த வாத்து? விருந்தாளியா, குடியிருப்பா?

ஜூன் மாதம். நெதர்லாந்து. மரப்பொந்திலிருந்து குஞ்சுகள் குதிக்கின்றன. தாய்க்குக் கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு. எந்த வாத்து?

ஜூன் மாதம். லண்டன் பூங்கா. கறுப்புக் கழுத்துக் கூட்டத்தின் நடுவே வெள்ளைத் தலையோடு ஒற்றை வாத்து. பின்தலையில் இரண்டு வரி. ஒரு குழந்தை ரொட்டி நீட்டுகிறது. ஓடி வந்து வாங்குகிறது. எந்த வாத்து? எப்படி அங்கே வந்தது?

மூன்றாவது கேள்விக்கு நாங்குநேரி அக்காதான் முதலில் கை தூக்கினார். "அது எங்க ஊரு வாத்து. யாரோ கொண்டுபோய் வளத்துத் தப்பிச்சது" என்றார். பலகைக்கு வந்து 'வரித்தலை வாத்து' என்று பிழையில்லாமல் எழுதினார்.